மூன்றாம் வகுப்பும் முருகன் மலையும்

திருத்தணி மலைக்குப் படிகள் 365. ஆண்டு முடியும் இரவில் படிக்கொரு பாட்டாகப் பாடிக்கொண்டு பக்தர் கூட்டம் ஏறுகிறது. வள்ளிமலை சுவாமிகள் 1917-ல் தொடங்கிவைத்த வழக்கம் அது. சூரனோடு பொருத முருகனின் சினம் இங்கே வந்துதான் தணிந்ததாம். அதனால் தணிகை என்று பெயராம். கதை அப்படிச் சொல்கிறது. ஆனால் 1953-ல் அந்த ஊரில் தணிந்த சினம் எதுவுமில்லை; மூண்ட சினம்தான் உண்டு. மூட்டியவர் யார்? படைத்தலைவரா? பட்டம் பெற்ற வழக்கறிஞரா? இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட நேர்ந்த ஓர் ஏழை. தாய் பாடிய கதையைக் கேட்டு வளர்ந்து, ஈய எழுத்தைக் கோத்துப் பிழைத்து, எழுத்தாளராக எழுந்து நின்ற ம.பொ.சிவஞானம்!

வடக்கெல்லைப் போர் என்றதும் மறியலும் தடியடியும் சிறையும் நம் நினைவுக்கு வருகின்றன. வரட்டும், தவறில்லை. ஆனால் அந்தப் போரின் வேரைத் தேடிப் போனால் நாம் போய்ச் சேருமிடம் திருத்தணி அல்ல. சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், சால்வன்குப்பத்தில், பொன்னுசாமி கிராமணியார் வீட்டுக்குப் போய்ச் சேருகிறோம். 1906 ஜூன் 26-ல் அங்கே பிறந்தார் சிவஞானம். பெற்றோர் இட்ட பெயர் ஞானப்பிரகாசம். சிவஞானம் என்ற பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

வீட்டில் செல்வம் இல்லை. சிவகாமி அம்மையாரின் குரல் மட்டும் இருந்தது. புராணக் கதைகளை மகனுக்குச் சொல்வார் அந்த அம்மையார். அல்லி அரசாணி மாலையையும் பவளக்கொடி மாலையையும் இசையோடு பாடுவார். பையன் கேட்பான், கேட்டதைத் திருப்பிப் பாடுவான். தமக்குத் தமிழில் பிடிப்பு வந்த வழி இதுதான் என்று பிற்காலத்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அல்லி அரசாணி மாலை என்றால் நம் புலவர் பெருமக்களில் பலருக்கு இளக்காரம். குஜிலிக் கடைச் சரக்கு என்பார்கள். மட்டமான தாளில், பெரிய எழுத்தில், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்காக அச்சான மலிவுப் பதிப்பு அல்லவா! ஆனால், நண்பர்களே, கம்பனையும் இளங்கோவையும் மடத்திலும் மாளிகையிலும் பூட்டி வைத்திருந்த காலத்தில், ஏழை வீட்டு அடுப்பங்கரைக்குத் தமிழைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தப் பெரிய எழுத்துப் புத்தகம்தான். மதுரையை ஆண்ட பெண்ணரசி அல்லியின் கதையை ஒரு தாய் பாடுகிறாள். மடியில் கிடக்கும் பிள்ளையின் காதில் எதுகையும் மோனையும் சந்தமும் தாமாகவே இறங்குகின்றன. யாப்பிலக்கணம் அதற்குப் பிறகு வந்தால் போதும். வராவிட்டாலும் குடி முழுகிவிடாது.

பிறகு பள்ளிக்கூடம். பிறகு என்ன? மூன்றாம் வகுப்பில் பாடப்புத்தகம் வாங்கக் காசு இல்லை. அத்தோடு படிப்பு முடிந்தது. இந்த ஒரு வரியை எழுதும்போது கை நிற்கத்தான் செய்கிறது. பையனுக்கு அறிவு போதவில்லை என்றால்கூடப் பொறுக்கலாம். ஒழுக்கம் போதவில்லை என்றால்கூட ஏதோ காரணம் என்று கொள்ளலாம். ஒரு புத்தகத்தின் விலையல்லவா குறுக்கே நின்றது! அந்த வயதில் தறிக்குப் போனான் பையன். தறிக்குப் பின், அச்சுக்கூடம்.

அச்சுக் கோக்கும் தொழில் இன்று மறைந்துவிட்டது. கணினி வந்து அதை விழுங்கிவிட்டது. அறியாத இளைஞர்களுக்காக ஒரு வார்த்தை. சாய்ந்த மரப்பெட்டியில் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஓர் ஈய எழுத்து. ஆங்கிலத்துக்கு வேண்டிய அறைகளைவிடத் தமிழுக்கு வேண்டியவை மிகுதி. கொம்பும் காலும் உகர ஊகார உருவங்களும் தனித்தனியே இடம் கேட்கும். கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். வலக்கை அறைக்கு ஓடும். இடக்கையிலுள்ள ஸ்டிக்கில் எழுத்து வந்து நிற்கும். நிற்பதோ கண்ணாடியில் கண்ட முகம்போல இடவலம் மாறி! நாள் முழுதும் நின்றபடி வேலை. விரல் நுனியெல்லாம் கருமை.

இந்த வேலையை ‘எழுத்தறிவு இருந்தால் போதும்’ என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. படிப்பவன் கருத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். ஒற்று விழுந்திருந்தாலும் அவன் கண்ணுக்குத் தெரியாது. அச்சுக் கோப்பவன் அப்படி ஓட முடியாது. பிறர் எழுதிய வாக்கியத்தை எழுத்து எழுத்தாக அவிழ்த்து மறுபடியும் கட்டுகிறான். வல்லினம் எங்கே மிகும், வாக்கியம் எங்கே மூச்சு வாங்கும் என்பது கை வழியாகவே மண்டைக்கு ஏறிவிடும். டாக்டர் வரதராஜுலு நாயுடுவின் ‘தமிழ்நாடு’ பத்திரிகையில் எழுத்துக் கோத்த சிவஞானத்துக்கு அந்தப் பெட்டியே பள்ளிக்கூடம் ஆயிற்று. சம்பளம் கொடுத்துப் படிக்கவேண்டிய பாடத்தைச் சம்பளம் வாங்கிக்கொண்டு படித்தார் என்றுகூடச் சொல்லலாம்!

உலகில் இப்படி வந்தவர்கள் இவர் ஒருவர்தானா? அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்கிளின் இரண்டே ஆண்டுகள் பள்ளிக்குப் போனவர். பன்னிரண்டு வயதில் அண்ணனின் அச்சகத்தில் வேலை. தன் பெயரில் எழுதினால் அண்ணன் போடமாட்டார் என்று தெரிந்து, 1722-ல் கைம்பெண் ஒருத்தி எழுதியதுபோலப் புனைபெயரில் கட்டுரை எழுதி, இரவோடு இரவாக அச்சகக் கதவின் கீழே நுழைத்துவிட்டுப் போனார். அண்ணன் மகிழ்ந்து வெளியிட்டார். உருசிய நாட்டுக் கார்க்கிக்கும் பள்ளிப் படிப்பு சொற்பம். பாட்டி சொன்ன கதைகளே அடித்தளம். பாட்டி சொன்னதோ தாய் பாடியதோ, கதை ஒன்று முதலில் காதில் விழவேண்டும்போலும்.

கூலிப் பணத்தில் பழைய புத்தகக் கடைகளுக்குப் போவார் சிவஞானம். அருமையான நூல்கள் அங்கே அரை விலைக்கும் கால் விலைக்கும் கிடைக்கும். சாப்பாட்டுக்கென்று வைத்திருந்த காசு புத்தகமாகிவிடும், வயிறு காயும். படிப்பதற்கு வழியில்லாத இடத்தைக் கேள்வியால் நிரப்பினார். திருப்பாதிரிப்புலியூர் ஞானியாரடிகளின் சொற்பொழிவுகள் தமக்குச் செய்த உதவியை அவர் மறைத்ததில்லை. முப்பதுகளில் ‘கிராமணி குலம்’ என்ற இதழுக்கு ஆசிரியரானார். பிறர் எழுத்தைக் கோத்த கை தன் எழுத்தை எழுதத் தொடங்கியது. கள்ளிறக்கும் தொழிலை நம்பி வாழ்ந்த குலத்தில் பிறந்து, அந்தக் குலத்தின் நடுவில் நின்றே மதுவிலக்குப் பேசினார் என்பதையும் சொல்லியாகவேண்டும். சொந்த வீட்டாரின் பகையைத் தேடிக்கொள்ளும் துணிவு அவருக்குத் தொடக்கத்திலேயே இருந்தது.

1942 ஆகஸ்ட் புரட்சியில் கைதானார். முதலில் வேலூர், பிறகு மராட்டியத் திசையில் அமராவதி. தகரக் கூரை வேய்ந்த கொட்டகை. நெருப்பாய்க் காயும் வெயில். உடல் குலைந்து திரும்பினார். ஆனால் சிலப்பதிகாரத்தை ஆழப் படித்த இடமும் அந்தச் சிறைதான். சேர சோழ பாண்டிய நாடுகள் மூன்றையும் ஒரே கதையில் கட்டிய நூல் அது. சேரநாட்டு இளவல் எழுத, சோழநாட்டுப் பெண் பாண்டியன் அவையில் நீதி கேட்கிறாள். சாதியாலும் சமயத்தாலும் சிதறிய தமிழரை ஒன்றாகக் கூட்ட இதைவிட வேறு நூல் ஏது என்று எண்ணினார். அல்லியின் கதையில் மயங்கிய பிள்ளை கண்ணகியின் கதையில் கட்சி கண்டான்! 1946-ல் தமிழரசுக் கழகம் தோன்றியது.

அதற்கு முன்னரே, 1944-ல், ‘கப்பலோட்டிய தமிழன்’ வெளிவந்துவிட்டது. வ.உ.சிதம்பரனார் 1936-ல் மறைந்தபோது அவரை நினைத்துப் பார்த்தவர் எத்தனை பேர்? கப்பல் விட்ட கை கடைசிக் காலத்தில் வறுமையில் கிடந்தது. மறந்துபோன அந்த வாழ்வைக் கதை சொல்வதுபோல, பாமரரும் படிக்கும் தமிழில் எழுதினார் ம.பொ.சி. பிறகு வீரபாண்டிய கட்டபொம்மன். இன்று தமிழ்நாட்டில் ‘கப்பலோட்டிய தமிழன்’ என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிகிறது. 1961-ல் பந்துலு எடுத்த படம் வரை அந்த நூலின் செல்வாக்கு பாய்ந்திருக்கிறது. ஆராய்ச்சியாளர் என்ற முறையில் அவர் முடிவுகள் சிலவற்றை இன்று மறுப்பவர்கள் உண்டு. ஆனால் கதை சொல்லி மக்களைக் கட்டிப்போடும் கலையில் அவரை மறுப்பவர்களை நான் கண்டதில்லை. அது சால்வன்குப்பத்தில் கற்ற கலை.

படிக்காதவருக்குச் சிலம்பு எதற்கு என்று ஏளனம் செய்தவர்களும் இருக்கத்தான் செய்தார்கள். சொல்லின் செல்வர் ரா.பி.சேதுப்பிள்ளையோ அவரைச் ‘சிலம்புச் செல்வர்’ என்று அழைத்தார். பேராசிரியர் வாயிலிருந்து வந்த பட்டத்துக்குப் பிறகு ஏளனம் என்ன ஆயிற்று என்று சொல்லவும் வேண்டுமோ?

இனித் திருத்தணிக்கு வருவோம். 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி அதனோடு போயிற்று. தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் பல ஊர்களில் தெலுங்கில்தான் எழுத்து கற்கவேண்டியிருந்தது. தாய் பாடுவது ஒரு மொழி. பலகையில் எழுதுவது வேறு மொழி. இதைத் தாங்கமாட்டாமல் ஊர் ஊராகப் போய்த் தமிழ் கற்பித்தவர் மங்கலங்கிழார் என்ற தமிழாசிரியர். மேடை முழக்கம் இல்லாத மனிதர். படிக்க வந்தவர்களைத் திண்ணையில் உட்கார்த்தி இலக்கணம் சொன்னவர். நாடு விடுதலை பெற்ற மறுநாளே, 1947 ஆகஸ்ட் 16-ல், தொண்டர்களோடு திருப்பதிக்குப் புறப்பட்ட ம.பொ.சி.க்கு எல்லைப்புறத்தில் வலக்கையாக வாய்த்தவர் அவர். எழுத்துக்காகப் பசித்த ஒருவரும் எழுத்தை இலவசமாக அளித்த ஒருவரும் கைகோத்தார்கள் என்றால், போர் மூளாமல் என்ன செய்யும்?

தெலுங்கர் மீது பகையா? அல்ல. அவரவர் தாய்மொழி அவரவர்க்கு அமுதம். 1888-ல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் வீட்டு மொழி தெலுங்கு. உதவித்தொகையில் படித்து ஆக்ஸ்போர்டுப் பேராசிரியராகி, 1962-ல் குடியரசுத் தலைவரானவர் அவர். எல்லையூர் என்றால் இரண்டு மொழியும் ஒரே தெருவில் நடக்கத்தான் செய்யும். கேள்வி அதுவல்ல. பெரும்பான்மையோர் பேசும் மொழியில் பள்ளியும் நீதிமன்றமும் நடக்கவேண்டுமா இல்லையா என்பதே கேள்வி.

1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் அமைந்தது. திருத்தணி அந்தப் பக்கம் விழுந்தது. அதற்கு முன்பே அந்த ஆண்டில் தடையை மீறி ம.பொ.சி. திருத்தணியில் கைதானார். கோவிந்தசாமி, பழனிமாணிக்கம் என்ற இரு தொண்டர்கள் உயிரைக் கொடுத்தார்கள். மங்கலங்கிழாரும் அதே ஆண்டில் மறைந்தார். படாஸ்கர் வந்து பேசி முடித்துக்கொடுத்த ஏற்பாடு 1959-ல் சட்டமாகி, 1960 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி வட்டமும் பள்ளிப்பட்டுப் பகுதியும் தமிழகத்தோடு சேர்ந்தன. பதிலுக்குச் செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில ஊர்களை நாம் கொடுத்தோம். திருப்பதியும் சித்தூரும் புத்தூரும் வரவில்லை. கேட்டது வேங்கடம், கிடைத்தது தணிகை.

நம் நண்பர்களில் சிலர் இங்கே முகம் சுளிப்பார்கள் என்பதை அறிவேன். ‘திராவிடம் என்ற சொல்லையே ஏற்காமல் மேடைக்கு மேடை வாதாடியவர் ஆயிற்றே!’ என்பார்கள். வாதாடினார், நம்மவரும் விடாமல் பதில் கொடுத்தார்கள். 1967-ல் அதே ம.பொ.சி. தி.மு.கழக அணியில் நின்று தியாகராயநகரிலிருந்து சட்டமன்றம் போனதும் வரலாறுதான். அதற்கு முந்திய ஆண்டில் ‘வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு’ நூலுக்குச் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. தணிகை முருகனைத் தேடித் தேடிப் பாடிய வள்ளலாரைப் பற்றி, தணிகையை மீட்டவர் எழுதிய நூல் அது. பின்னாளில் சட்டமேலவைத் தலைவராகவும் வீற்றிருந்தார். 1995 அக்டோபர் 3-ல் மறைந்தார்.

2019-ல் வந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலைப் புரட்டிப் பாருங்கள். ‘சிற்றகல் ஒளி’ என்ற பாடம் இருக்கிறது. 1974-ல் வெளியான அவருடைய தன்வரலாறு ‘எனது போராட்ட’த்திலிருந்து எடுத்தது. பாடப்புத்தகம் வாங்க வழியில்லாமல் வெளியேறிய பையன் பாடப்புத்தகத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டான்! அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தப் புத்தகம் விலையில்லாமல் கொடுக்கப்படுகிறது என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

திருத்தணிப் பகுதித் தோழர்களுக்கு ஒரு யோசனை உண்டு. அவர் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கிவிட்டது. யாரும் அச்சிடலாம், உரிமைத்தொகை கேட்பவர் இல்லை. ‘எனது போராட்ட’த்தில் வடக்கெல்லையைப் பற்றிய பகுதிகளைத் தனியே பிரித்து ஒரு சிறு நூலாக்குங்கள். பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் வீட்டுக்கும் பள்ளிப்பட்டுச் சிறுவன் கைக்கும் எட்டும் விலை வையுங்கள். எழுத்து மட்டும், அல்லி அரசாணி மாலைபோல, பெரிய எழுத்தாக இருக்கட்டும்.