ஆஸ்ப்ரே: ஒரு இன்ஜின் நின்னாலும் பறக்கும், அப்புறம் ஏன் விழுது?

இறக்கையோட ரெண்டு நுனியிலயும் பெரிய பெரிய விசிறி வெச்ச ஒரு விமானத்தை ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. கிளம்பும்போது விசிறி வானத்தைப் பார்க்கும், ஹெலிகாப்டர் மாதிரி நேரா மேல எழும்பும். அப்புறம் விசிறி, இன்ஜின் எல்லாம் அப்படியே முன்னாடி சாயும், விமானமா மாறி மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்துல பறக்கும். பேரு வி-22 ஆஸ்ப்ரே. அமெரிக்காவின் பெல், போயிங் கம்பெனிகள் சேர்ந்து செஞ்சது. சோதனைக் காலத்துல இருந்து இதுவரைக்கும் 60 பேருக்கு மேல இதுல செத்திருக்காங்க. 'விதவையாக்கி'ன்னு ஒரு பட்டப்பேர் கூட உண்டு.

இதைப் பத்திப் பேசுறவங்க ரெண்டு கட்சியா இருக்காங்க. "டிசைனே தப்பு"ன்னு ஒரு கட்சி. "எல்லாம் பைலட் தப்பு, மீடியா ஊதிப் பெருசாக்குது"ன்னு இன்னொரு கட்சி. எனக்கு ரெண்டுமே சரியாப் படல. ஏன்னு சொல்றேன்.

1980ல ஈரான்ல பிணைக்கைதிகளை மீட்கப் போன அமெரிக்கப் படை, பாலைவனத்துல ஹெலிகாப்டர்கள் பழுதாகி, திரும்பும்போது மோதல்ல 8 பேரை இழந்துட்டு வந்துச்சு. ரன்வே இல்லாத இடத்துல இறங்கணும், ஆனா விமானம் மாதிரி தூரமாவும் வேகமாவும் போகணும். அந்தத் தேவையில இருந்து வந்ததுதான் ஆஸ்ப்ரே. முதல்ல பறந்தது 1989ல. படையில சேர்ந்தது 2007ல. நடுவுல 18 வருஷம், 30 உயிர்.

அந்த 30ல 19 பேர் ஒரே ராத்திரியில போனவங்க. 2000 ஏப்ரல், அரிசோனாவில் மரானாங்கிற ஊர். ரோட்டர் வெச்ச எந்த வண்டியும், முன்னாடி போற வேகம் கம்மியா இருக்கும்போது சரசரன்னு கீழ இறங்கினா, தான் கீழ தள்ளின காத்துக்குள்ளேயே தானே மாட்டிக்கும். விசிறி சுத்தும், ஆனா தூக்காது. சாதாரண ஹெலிகாப்டர் இதுல மாட்டினா கீழ அமுங்கும். ஆஸ்ப்ரேல ரோட்டர் பக்கத்துக்கு ஒண்ணா இருக்கு. ஒரு பக்கம் மட்டும் மாட்டினா, இன்னொரு பக்கம் தூக்கிக்கிட்டே இருக்கும், வண்டி குப்புறக் கவிழ்ந்துடும். மரானால அதுதான் நடந்துச்சு. நிமிஷத்துக்கு 800 அடிக்கு மேல இறங்கக் கூடாதுன்னு வரம்பு. அது 2,000 அடிக்கு மேல இறங்கிட்டு இருந்துச்சு.

ஆனா அதுக்கப்புறம் அவங்க செஞ்சதையும் சொல்லணும். சோதனை பைலட்டுகள் வேணும்னே இந்த நிலைக்குள்ள திரும்பத் திரும்பப் போய் எல்லையை அளந்தாங்க. காக்பிட்ல எச்சரிக்கை வெச்சாங்க. மாட்டினா ரோட்டரைக் கொஞ்சம் முன்னாடி சாய்ச்சா வெளிய வந்துடலாம்னு கண்டுபிடிச்சாங்க. எல்லாரும் பயந்த அந்தக் காத்துப் பிரச்சினை பெருமளவு அடங்கிடுச்சு. டிசைனே தப்புங்கிற கட்சியோட நான் ஒத்துப்போகாததுக்கு இதுதான் காரணம்.

இப்ப வதைக்கிறது காத்து இல்ல, இரும்பு.

ஒரு பக்க இன்ஜின் நின்னா என்ன ஆகும்? அதுக்கு ஒரு வழி வெச்சிருக்காங்க. இறக்கைக்குள்ள ஒரு நீளமான தண்டு ஓடுது. ஒரு இன்ஜின் செத்தா, இன்னொண்ணு அந்தத் தண்டு வழியா ரெண்டு ரோட்டரையும் சுத்தும். கேக்க அருமையா இருக்கு. ஆனா இன்ஜின் மட்டுமா கெடும்? இன்ஜினுக்கும் ரோட்டருக்கும் நடுவுல கிளட்ச் இருக்கு, கியர்பாக்ஸ் இருக்கு.

கிளட்ச்ல இருந்து ஆரம்பிப்போம். சைக்கிள்ல ஃப்ரீவீல் தெரியும்ல? மிதிச்சா சக்கரம் சுத்தும், மிதிக்கலைன்னா சக்கரம் பாட்டுக்குச் சுத்தும். ஏறக்குறைய அந்த மாதிரி ஒரு கிளட்ச். தேய்ஞ்சு போனா இது ஒரு கணம் வழுக்கும். உடனே மொத்த பாரமும் இன்னொரு இன்ஜின் மேல போயிடும். அடுத்த நொடி வழுக்கின கிளட்ச் படக்குன்னு மறுபடி பிடிக்கும். பைக்ல கிளட்சை டக்குன்னு விட்டா வண்டி குதிக்குமே, அதை ஆயிரக்கணக்கான குதிரைத்திறன்ல யோசிச்சுப் பாருங்க. 2022 ஜூன்ல கலிஃபோர்னியாவில் இதுல 5 மரீன்கள் இறந்தாங்க. பைலட் மேலயும் தப்பில்ல, பராமரிப்பு மேலயும் தப்பில்லன்னு விசாரணை அறிக்கையே சொல்லுது. இந்தக் கிளட்ச் கோளாறு முதல்ல தெரிஞ்சது 2010ல. குறிப்பிட்ட மணி நேரம் பறந்தா அந்தப் பாகத்தைக் கழட்டி மாத்தணும்னு விதி வந்தது 2023ல, அஞ்சு பேர் போனதுக்கு அப்புறம்.

அடுத்தது கியர்பாக்ஸ். பைக்குக்கு ஆயில் மாத்தும்போது மெக்கானிக் டிரெயின் போல்ட்ல ஒட்டியிருக்கிற இரும்புத் தூளைப் பார்ப்பாரு. ஆஸ்ப்ரேல அதே வேலையை ஒரு காந்தம் பறக்கும்போதே செய்யுது. துகள் ஒட்டினா எச்சரிக்கை வரும். சின்னத் துகளா இருந்தா மின்சாரம் பாய்ச்சி அதுவே எரிச்சிடும். 2023 நவம்பர் 29, ஜப்பானின் யாகுஷிமா தீவுப் பக்கம் போன விமானப்படை ஆஸ்ப்ரேல இந்த மாதிரி எச்சரிக்கை ஆறு வந்துச்சு. கடைசித் துகள் எரியவே இல்ல. ரன்வே கிட்டத்துலயே இருக்கும்போது இடது பக்க கியர்பாக்ஸ் உடைஞ்சு, வண்டி உருண்டு கடல்ல விழுந்துச்சு. 8 பேர்.

பைலட் முன்னாடியே இறங்கியிருக்கலாம்னு அறிக்கை சொல்லுது. உண்மைதான். ஆனா அந்த எச்சரிக்கைக்குக் கையேடு சொன்னது "வசதிப்படும்போது இறங்கு" அளவுதான், "உடனே இறங்கு" இல்ல. கியர் உடைஞ்சா என்ன ஆகும்னு தெரிஞ்ச ஆபத்தின் அளவு, திட்ட அலுவலகத்துல இருந்து பறக்கிறவங்களுக்குச் சரியாப் போய்ச் சேரலன்னும் அதே அறிக்கை சொல்லுது. அப்போ "பைலட் தப்பு"ன்னு முடிச்சிடுறது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு வினோதம். அந்த கியர் செய்யிற எஃகுல கண்ணுக்குத் தெரியாத அழுக்குத் துணுக்கு மாட்டியிருக்கலாம், விரிசல் அங்க ஆரம்பிக்கும். குறை இருந்தா பெரும்பாலும் சீக்கிரமே காட்டிக் கொடுத்துடும். அதனால கியர்பாக்ஸ் புதுசா இருந்தாத்தான் ஆபத்து அதிகம். 2024 நவம்பர்ல நியூ மெக்சிகோவில் இன்னொரு கியர் உடைஞ்சது, நல்லவேளை பத்திரமா இறங்கிட்டாங்க. அதுக்கப்புறம் குறைஞ்ச மணி நேரம் ஓடின கியர்பாக்ஸுக்குத்தான் கட்டுப்பாடு கூடுதல்: ஏதாவது விமான தளத்துல இருந்து 30 நிமிஷத் தூரத்தைத் தாண்டக் கூடாது. தூரமாப் போகத்தானே இதைச் செஞ்சாங்க?

"விபத்து விகிதம் மத்த ஹெலிகாப்டர் அளவுதான்"னு ஒரு வாதம் வரும். மரீன் படையின் கனரக சிஹெச்-53 ஹெலிகாப்டரோட ஒப்பிட்டா பல வருஷம் அது பொய்யில்ல. ஆனா விகிதம்ங்கிறது நடந்து முடிஞ்சதோட கணக்கு. 2025 டிசம்பர்ல வந்த கடற்படையோட சொந்த ஆய்வு, படையில சேர்ந்ததுல இருந்தே ஆபத்து சேர்ந்துக்கிட்டே வந்திருக்கு, தீர்வுகள் வேகமாப் போய்ச் சேரலன்னு ஒத்துக்குது. அதைப் படிச்ச பிறகு சராசரியைக் காட்டி என்னைச் சமாதானப்படுத்த முடியாது.

தூய்மையான எஃகுல செஞ்ச புது கியர் வர ஆரம்பிச்சிருக்கு. ஆனா எல்லா விமானத்துலயும் மாத்தி முடிக்க இன்னும் வருஷங்கள் ஆகும். அதுவரைக்கும் பழசோடதான் பறப்பாங்க, ஜப்பான் ராணுவத்தோட 17 ஆஸ்ப்ரேவும் சேர்த்து. அமெரிக்கத் தரைப்படை இதுக்கிடையில பெல் கம்பெனியோட அடுத்த டில்ட்ரோட்டரைத் தேர்ந்தெடுத்திருக்கு. அதுல இன்ஜின் சாயாது, ரோட்டர் மட்டும்தான் சாயும். கியர்பாக்ஸும் குறுக்குத் தண்டும் அதுலயும் இருக்கு.