ஓதி நெய்த ஓவியம்



நண்பர் ஒருவர் சால்வை வாங்கவென்று காலி வீதிக்குப் போனபோது நானும் துணைபோனேன். காஷ்மீரத்தவர் ஒருவர் நடத்தும் கடை அது. சால்வைகளைப் பையன் எடுத்து வருவதற்கிடையில், கடைக்காரர் நாலடிக்கு ஆறடியான பட்டுக் கம்பளமொன்றை எங்கள் முன் விரித்தார். விலையையும் சொன்னார். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்த தமிழ் வாத்தியாருக்கு அது காதால் கேட்பதற்கு மட்டுமே உரிய விலை. ஆயினும் கண்ணை எடுக்க முடியவில்லை.

நடுவிலே ஒரு வட்டம். அதிலிருந்து எலுமிச்சம்பழ வடிவக் கட்டங்கள் சிறிதாகத் தொடங்கி, விளிம்பை நோக்கிப் பெரிதாகிக்கொண்டே போகின்றன. ஈரானின் இஸ்பஹான் நகரில் 1619இல் கட்டிமுடிக்கப்பெற்ற ஷேக் லுத்புல்லா பள்ளிவாசலின் குவிமாடத்தை உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியும் கோலம் அது. படத்தில் பார்த்திருக்கிறேன். அண்ணாந்து பார்க்கவேண்டியதைக் குனிந்து பார்க்க வைத்துவிட்டான் நெசவாளி!

கட்டடக் கலை மட்டுமன்று, ஏட்டோவியமும் கம்பளத்தில் இறங்கியிருக்கிறது. பாரசீக அரசவைகளில் நூல்களுக்கு நுண்ணோவியம் தீட்டிய கைகளே கம்பளங்களுக்கும் கோலம் வகுத்தன என்பர் கலை வரலாற்றார். வியன்னா அருங்காட்சியகத்தில் உள்ள 16ஆம் நூற்றாண்டுப் பட்டுக் கம்பளத்தில் குதிரை வீரர் வேட்டையாடும் காட்சி, ஏட்டிலிருந்து எழுந்து வந்ததுபோலவே காணப்படுகிறது. முகலாயர் காலத்துக் கம்பளமொன்று அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் இருக்கிறது. இது கம்பளி நூலால் ஆனது. அதில் யானைத் தலையும் சிங்க உடலும் கொண்ட விலங்கொன்று யானைகளைப் பற்றி நிற்கிறது. நம் கோயில் தூண்களில் யாளியைக் கண்டு பழகியவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

கடைக்காரர் கம்பளத்தைப் புரட்டிக் காட்டினார். ஒரு சதுர அங்குலத்தில் நெடுக்கில் 18, குறுக்கில் 18, ஆக 324 முடிச்சுகள். வீடு வந்து கணக்கிட்டேன். முழுக் கம்பளத்துக்கும் 11 இலட்சத்து 19 ஆயிரத்து 744 முடிச்சுகள் ஆகின்றன. ஒவ்வொன்றும் பாவு நூலில் கையால் இட்டு, கத்தியால் நறுக்கப்பட்டது. முடிச்சென்பது ஒரு புள்ளி. புள்ளிகளை அடுக்கி வளைவு வரைந்தால் படிக்கட்டுப் போலத்தான் வரும். இழை மெலிந்து முடிச்சு நெருங்க நெருங்கப் படி மறைந்து வளைவு தோன்றும். குவிமாடத்தின் வளைவுக்கும் ஓவியத்துக் குதிரையின் கழுத்துக்கும் பட்டை நாடியதன் காரணம் இதுவே. பளபளப்பு அதற்குப் பிறகுதான்.

சரி, இலக்கிய நிகழ்ச்சியில் இவனுக்கு ஏன் கம்பளம் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கே வருகிறேன். காஷ்மீரத்து நெசவாளி தறியின் முன்னே படத்தை வைத்துக்கொண்டு நெய்வதில்லை. கோலம் வகுப்பவர் கட்டத்தாளில் வரைந்து கொடுப்பதை இன்னொருவர் எழுத்தாக மாற்றுகிறார். இந்த நிறத்தில் இத்தனை முடிச்சு, அடுத்த நிறத்தில் இத்தனை என்று, வரி வரியாக, தனிக் குறிகளால் நீண்ட தாள்களில் எழுதப்படும் அதற்குத் தாலிம் என்று பெயர். தறியில் ஒருவர் அதனை இராகம்போல் இழுத்து ஓதுவார். மற்றவர்கள் கேட்டு முடிச்சிடுவார்கள். சால்வை நெசவில் வழங்கிய முறை இது. 1870-71இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் மூண்ட போரோடு பிரான்சின் சால்வைச் சந்தை விழுந்தது. பிழைப்பிழந்த சால்வைக்காரர் பலர் கம்பளத் தறிக்கு வந்தபோது தாலிமும் கூட வந்தது.

நம்மிடம் சித்திரகவி உண்டு. சக்கரமாகவும் பாம்பாகவும் சொற்களை அடுக்குவதைத் தண்டியலங்காரம் சொல்லணியில் வைத்துப் பேசும். அங்கே சொல் படமாகிறது. இங்கே படம் சொல்லாகி, ஓசையாகி, மீண்டும் படமாகிறது. சித்திரகவியில் எனக்குப் பெரிய மோகம் கிடையாது. அது புலவனின் கெட்டித்தனம், அவ்வளவுதான். தாலிமோ பலருடைய சோறு. ஒருவர் வாசிக்க மற்றவர் ஏடு எழுதிய நம் பழைய வழக்கமே அதற்கு நெருங்கிய உறவு. செவி பிழைத்தால் அங்கே பாடபேதம் தோன்றும். இங்கே இதழொன்று நிறம் மாறிவிடும்.

கடைக்காரருக்கு என் கேள்விகள் பிடித்துவிட்டன. மேசை இழுப்பறையிலிருந்து மங்கிய தாளொன்றை எடுத்தார். மேலும் கீழுமாகக் குறிகள். கொக்கி போலச் சில, புள்ளி வைத்துச் சில.

“இது எங்கட வாப்பா ஓதின தாலிம், மாஸ்டர்” என்றார், கொழும்புத் தமிழில்.

“இதில என்ன கோலம் இருக்கு?” என்று கேட்டேன்.

“தெரியாது. நான் சின்னதில கொழும்புக்கு வந்திட்டன். இப்ப ஊரில கொம்பியூட்டரே எழுதிக் குடுக்குதாம்.”

அவர் தாளை மடிக்காமல், ஓரம் கசங்காதபடி உள்ளே வைத்தார். நண்பர் சால்வைக்குப் பணத்தைக் கொடுக்க, இருவரும் வெளியே வந்தோம்.

என் வீட்டு அலுமாரியிலும் ஒரு கட்டு இருக்கிறது. பாட்டனாரின் வைத்திய ஏடு. யாழ்ப்பாணத்திலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்தது. புள்ளியில்லாத எழுத்தை ஒருவாறு கூட்டி வாசித்துவிடுவேன். மருந்தின் அளவைக் காட்டும் குறிகள் வரும் இடத்தில் நின்றுவிடுகிறேன். அன்றிரவு அதை எடுத்து மேசையில் வைத்தேன். மகள் வந்து, “இதில என்ன அப்பா எழுதியிருக்கு?” என்று கேட்டாள்.