விடைத்தாள் திரும்பி வரும் வழி

பகலெல்லாம் அலுவலகத்திலோ ஆலையிலோ உழைத்து, இரவு உணவு முடிந்து, குழந்தைகளும் உறங்கிய பிறகு கணினியின் முன் அமர்ந்து படிக்கப் புகும் ஒருவருக்குக் குறைவாயிருப்பது பெரும்பாலும் புத்திக்கூர்மை அன்று; தாம் எழுதும் விடைக்காக எங்கோ ஒருவர் காத்திருக்கிறார் என்ற உணர்வே.

அமெரிக்காவின் மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2012-இல் மின்சுற்றுகளைப் பற்றி இணையத்தில் இலவசமாக நடத்திய வகுப்பில், பெயர் பதிந்தோர் ஏறத்தாழ 1,55,000 பேராயிருக்க, சான்றிதழ் பெற்றோர் 7,000-க்குச் சற்று மேற்பட்டவர்களே. அப்பெருங்கூட்டத்தில் வேடிக்கை பார்க்க வந்தோரும் உண்டாதலால் அவ்வகுப்பைத் தோல்வி என்று தள்ளுவது நியாயமாகாது. எனினும் விடைகளைப் பெரும்பாலும் இயந்திரமே திருத்திற்று என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

மாறாக, இங்கிலாந்தில் ஐஸக் பிட்மன் 1840-இல், ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் தபால்முறை வந்த புதிதில், சுருக்கெழுத்தைத் தபால் மூலம் கற்பித்தபோது, மாணாக்கர் எழுதியனுப்பிய பயிற்சி திருத்தப்பட்டு அம்மாணாக்கரிடமே திரும்பிச் சென்றது. அந்தத் திரும்பும் பயணந்தான் தொலைக்கல்வியின் ஜீவன் என்பேன்.

1969-இல் சாசனம் பெற்று 1971-இல் பாடம் தொடங்கிய பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், முன்தகுதி எதுவும் கேளாமல் மாணாக்கரைச் சேர்த்துக்கொண்டது. ஒரு பாடத்தை முடித்து, அதன் மதிப்பைச் சேமித்துவைத்து, கைக்கும் காலத்துக்கும் இயன்றபோது அடுத்ததை எடுத்துப் பட்டத்தை எட்டலாம் என்ற ஏற்பாடு, குடும்ப பாரம் சுமப்போருக்குப் பேருதவியாயிற்று. ஊரார் அதனை அறிந்ததோ, விடியற்காலையிலும் நள்ளிரவிலும் பி.பி.சி. ஒளிபரப்பிய விரிவுரைகளால். அவ்வொளிபரப்பு 2006-இல் நின்றுவிட்டது; பல்கலைக்கழகம் நிற்கவில்லை. ஏனெனில் அதன் பளு முழுவதையும் தாங்கியது திரையன்று. ஒவ்வொரு மாணாக்கருக்கும் நியமிக்கப்பட்டு, விடைத்தாளை வாசித்து, மதிப்பெண்ணோடு நிறுத்தாமல், எங்கே வாதம் வழுக்கிற்று, அடுத்தமுறை என்ன செய்யலாம் என்று ஓரத்தில் குறிப்பெழுதிய ஆசிரியரே அதைத் தாங்கினார். தபாலில் சென்ற தாள் இன்று இணையத்தில் செல்கிறது. குறிப்பெழுதும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

ஆசிரியர் காத்திருந்தால் மட்டும் போதாது; விடை சேர ஒரு நாளும் குறிக்கப்பட வேண்டும். கெடு நாள் இல்லாத படிப்பு பண்டிகைக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போகும். அசையாத கெடுவோ, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட வாரத்தில் படிப்பையே கைவிடச் செய்யும். ஆகவே அப்பல்கலைக்கழகத்தில் தேதி முன்கூட்டியே குறிக்கப்படுகிறது. தக்க காரணம் இருப்பின் சில நாள் அவகாசம் வேண்டி மாணாக்கர் தம் ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதலாம்.