ஆறு ஒலிபெருக்கிகளும் ஓர் அளவுநாடாவும்

உங்கள் வீட்டுக்கு ஒரு பெரிய அட்டைப் பெட்டி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரித்துப் பார்த்தால் கனமான ஒரு கருவி, ஆறு ஒலிபெருக்கிகள், கம்பிச் சுருள்கள், சிறிய ஒலிவாங்கி ஒன்று. ஆம், வீட்டுத் திரையரங்க ரிசீவர்! அண்ணன் அவசரமாகச் செருகியைச் சுவரில் மாட்டப் போகிறார். "கொஞ்சம் பொறுங்கள், அண்ணா!" என்று அவர் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

ஏன் நிறுத்த வேண்டும்? அந்தக் கருவிக்குத் திரைப்படத்தின் ஒலியைத் தனித்தனியாகப் பிரிக்கத் தெரியும், பெருக்கத் தெரியும். ஆனால் உங்கள் வீட்டு அறையை அதற்குத் தெரியாது. எந்த ஒலிபெருக்கி எவ்வளவு தொலைவில் இருக்கிறது, நீங்கள் எங்கே உட்காருகிறீர்கள் என்பதை நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஒரு பொறியாளரின் குறை

பேசும் படங்கள் வந்த புதிதில், திரையில் நடிகர் எங்கே நடந்தாலும் குரல் மட்டும் ஒரே இடத்திலிருந்து வந்தது. இந்தக் குறை ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளரை உறுத்தியது. இரண்டு செவிகளுக்கும் ஏற்ற ஒலிப்பதிவு முறை ஒன்றை வகுத்து, 1931 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். நாம் இன்று ஸ்டீரியோ என்று அழைப்பது அதுதான்.

வலப்பக்கத்திலிருந்து வரும் ஒலி வலது காதை முதலில் அடைகிறது. இடது காதை ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரம் கழித்து அடைகிறது. அந்தச் சிறு வேறுபாட்டைக் கொண்டே மூளை திசையைக் கண்டுபிடித்துவிடுகிறது. ரிசீவரைப் பொருத்தும் வேலை முழுவதும் இந்தக் காதை ஏமாற்றும் வேலைதான்!

முதலில் கம்பி, பிறகு மின்சாரம்

கம்பிகளை இணைத்து முடிக்கும்வரை செருகி சுவரில் இருக்கக் கூடாது. ஒலிபெருக்கிக் கம்பியின் முனையில் ரப்பர் உறையைச் சீவினால் மெல்லிய செம்பு இழைகள் தெரியும். அவற்றை இறுக முறுக்கிய பிறகே துளையில் நுழையுங்கள். ஓர் இழை தப்பிப் பக்கத்து முனையைத் தொட்டால் என்ன ஆகும்? ஓமின் விதியை நினைத்துப் பாருங்கள். தடை ஏறக்குறைய சுழியாகிவிடும்; மின்னோட்டம் எக்கச்சக்கமாக உயரும். பாதுகாப்புச் சுற்று இருந்தால் கருவி தானே அணைந்துவிடும். இல்லையேல் உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர்கள் கருகும். அப்பா சேர்த்து வைத்த பணம் ஒரு தலைமுடி அளவு இழையால் புகையாகிவிடும்.

ஒலிபெருக்கியின் பின்புறம் 8 ஓம், 6 ஓம் அல்லது 4 ஓம் என்று எழுதியிருக்கும். 8 ஓமுக்குப் பதில் 4 ஓம் மாட்டினால், அதே மின்னழுத்தத்தில் இருமடங்கு மின்னோட்டம் பாயும். ரிசீவர் எத்தனை ஓம் வரை தாங்கும் என்று அதன் பின்புறத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். அதைவிடக் குறைந்த ஓம் உள்ளதை மாட்டாதீர்கள்.

அடுத்து நிறம். சிவப்பு முனை சிவப்போடு, கறுப்பு முனை கறுப்போடு சேர வேண்டும். மாற்றி மாட்டினால் கருவி கெடாது. ஆனால் ஓர் ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே தள்ளும்போது மற்றொன்று பின்னே இழுக்கும். ஒன்றின் நெருக்கத்தை மற்றொன்றின் தளர்ச்சி அழித்துவிடும். முரசின் கனத்த ஓசை மெலிந்து போகும்.

எது எங்கே?

நடு ஒலிபெருக்கியைத் திரைக்கு நேர் கீழே வையுங்கள். பேச்சில் பெரும்பகுதி இதிலிருந்துதான் வரும். நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து நேராகப் பார்க்கும் கோட்டுக்கு இருபுறமும் 30 பாகையில் முன் இடமும் முன் வலமும் இருக்கட்டும். சூழொலி தரும் இரண்டும் சுமார் 110 பாகையில், அதாவது காதுகளுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும்.

ஆறாவது, தாழ்ந்த ஒலிக்கான சப்-ஊஃபர். இதை எங்கே வைப்பது? ஒரு கணக்குப் போடுவோம். 25 பாகை செல்சியஸில் காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 346 மீட்டர் செல்கிறது. 80 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள ஒலியின் அலைநீளம் 346 ÷ 80, ஏறக்குறைய 4.3 மீட்டர். நம் தலையைவிட மிகப் பெரிய அலை! அது வரும் திசையைக் காது எளிதில் அறியாது. ஆகவே இடம் பற்றி அவ்வளவு கண்டிப்பு இல்லை. ஆனால் அறை மூலையில் வைத்தால் சுவர்களில் எதிரொலித்து ஓசை அதிகமாகும்.

அளவுநாடா எதற்கு?

முன் ஒலிபெருக்கி உங்களிடமிருந்து 3.5 மீட்டரில் இருக்கிறது. பின்னால் உள்ளது 1.4 மீட்டரில் இருக்கிறது. ஒலி ஒரு மீட்டர் கடக்கச் சுமார் 2.9 மில்லி விநாடி ஆகும். எனவே ஒரே நேரத்தில் புறப்பட்டாலும் பின்னாலிருந்து வரும் ஒலி 6 மில்லி விநாடி முந்திவிடும்.

இது பெரிய விஷயமா என்கிறீர்களா? ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949-ல் இதை ஆராய்ந்தார். ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து சிறிது நேர வேறுபாட்டில் வந்தால் நாம் இரண்டாகக் கேட்பதில்லை. முதலில் வந்த திசையிலிருந்தே முழுவதும் வருவதாக உணர்கிறோம். அப்படியானால், திரையில் பெய்யும் மழை உங்கள் முதுகுக்குப் பின்னால் பெய்வதுபோல் தோன்றிவிடும்!

நீங்கள் அளந்த தொலைவை ரிசீவரில் பதிந்துவிட்டால், பின் ஒலியை 6 மில்லி விநாடி நிறுத்தி வைத்து அனுப்பும். பெட்டியோடு வந்த ஒலிவாங்கி இதைத் தானாகவே அளக்கும். அதை நீங்கள் உட்காரும் இடத்தில் காது உயரத்தில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், தம்பி தங்கையரைப் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் ஒலிபெருக்கியும் முறையாகச் சோதனை ஒலி எழுப்பும். ஒலி வந்துசேர்ந்த நேரத்தையும் அதன் வலிமையையும் கருவி குறித்துக்கொள்ளும். பிறகு அளவுநாடாவால் சரிபாருங்கள். இயந்திரத்தைச் சோதிப்பதும் அறிவியல்தானே!

இப்போது செருகலாம்

ரிசீவரைச் சுற்றிக் காற்றுப் போக இடம் விடுங்கள். மேலே துணி விரிக்க வேண்டாம். மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். செருகியைப் பிடுங்கிய பின்னும் உள்ளே மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். ஒலி அளவைக் குறைந்த நிலையில் வைத்து, பிறகு இயக்குங்கள்.

கடைசியாக உங்கள் காது. சிறுவர்களுக்கு 75 டெசிபெல் ஒலி வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் ஒலி ஆற்றல் இரட்டிக்கும். கேட்கலாகும் நேரம் பாதியாகும். கருகிய டிரான்சிஸ்டரை மாற்றலாம். உட்செவியில் அழிந்த உணர்செல்கள் மீண்டும் முளைப்பதில்லை.

செய்து பாருங்கள்: கருவியை அணைத்து, செருகியை எடுத்துவிட்டு, ஒரே ஓர் ஒலிபெருக்கியின் சிவப்பு, கறுப்புக் கம்பிகளை மாற்றி மாட்டுங்கள். முன் இரண்டையும் நேருக்கு நேர் நெருக்கி வைத்து, ஒலியைக் குறைவாக வைத்து ஒரு பாட்டைக் கேளுங்கள். மீண்டும் சரியாக மாட்டிக் கேளுங்கள். முரசு எப்போது மறைந்தது, எப்போது திரும்பி வந்தது? காரணத்தை அண்ணனுக்கு விளக்குங்கள்!