சாமைக் கொல்லையும் 9.69 சதவீதமும்

ஜவ்வாதுமலையில் சாமை அறுவடைக் காலத்தில் டேப்பும் முளைக்குச்சியும் தராசும் சுமந்துகொண்டு கொல்லை கொல்லையாக ஏறி இறங்கியவன் நான். புள்ளியியல் துறையில் களப்பணி. பயிர் அறுவடைப் பரிசோதனை என்று அதற்குப் பெயர். 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, உள்ளே விளைந்ததை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, நிறுக்க வேண்டும். வந்த எடையை 400ஆல் பெருக்கினால் ஒரு ஹெக்டேர் விளைச்சல். கயிறு எங்கே விழ வேண்டும் என்பதைக் கையிலிருக்கும் எண் பட்டியல் சொல்லும். நாம் இடம் தேடக் கூடாது. "அந்தப் பக்கம் கதிர் நல்லாப் புடிச்சிருக்கு சார், அங்க போடுங்க" என்பார்கள். போட முடியாது. கயிற்றை ஒட்டி நிற்கும் தட்டையைச் சேர்ப்பதா விடுவதா என்று தகராறு வரும். அது சின்ன விஷயமில்லை. 1940களில் புள்ளியியலாளர்கள் மகலனோபிஸும் சுகாத்மேயும் மோதிக்கொண்டது ஏறக்குறைய இதற்காகத்தான். துண்டு சிறியதானால் ஓரத்துப் பயிரும் உள்ளே வந்து விளைச்சலைக் கூட்டிக் காட்டும் என்றார் சுகாத்மே.

இந்த எடைகளோடு ஆலை உற்பத்தி, கடை வியாபாரம், வங்கி, லாரி, மென்பொருள் எல்லாம் சேர்ந்துதான் மாநிலத்தின் மொத்த உற்பத்தி என்ற ஒரே எண் ஆகிறது.

ஒருமுறை ஒரு பெரியவர் கேட்டார்: "எடைய எழுதிக்கிட்டீங்க. வெலைய யாரு எழுதுவாங்க?" அதையும் எழுதுகிறோம். ஆனால் உண்மை வளர்ச்சியைக் கணக்கிடும்போது விலை ஏறியதால் வந்த பெருக்கத்தை வேண்டுமென்றே கழித்துவிடுகிறோம். போன வருஷம் பத்து மூட்டை, மூட்டை 3,000 ரூபாய். இந்த வருஷமும் பத்து மூட்டை, விலை 3,300 என்று வையுங்கள். கைக்கு வந்த பணம் 10 சதவீதம் கூடியது. விளைச்சலில் ஒரு படிகூட ஏறவில்லை. நடப்பு விலையில் வளர்ச்சி 10, உண்மை வளர்ச்சி பூஜ்யம். இதற்காக ஏதாவது ஓர் ஆண்டின் விலையை நிலையாகப் பிடித்துக்கொள்வார்கள். நான் கீழே சொல்லும் கணக்குகளில் அது 2011-12.

அந்த விலையில் தமிழ்நாட்டின் மொத்த உற்பத்தி 2023-24இல் சுமார் 15.71 லட்சம் கோடி ரூபாய். 2024-25க்கான முதல் மதிப்பீட்டில் சுமார் 17.23 லட்சம் கோடி. கூடியதைப் பழையதால் வகுத்தால் 9.69 சதவீதம். நடப்பு விலையில் பார்த்தால் 14.02. இடைவெளி விலைவாசியின் வேலை.

பேப்பர்களில் 9.69 தலைப்பாக வந்தது. அதே மதிப்பீட்டின் அட்டவணையில் இன்னொரு வரி இருந்தது: வேளாண்மை, கால்நடை முதலானவை அடங்கிய முதன்மைத் துறையின் வளர்ச்சி 0.15 சதவீதம். சேவைத் துறை 12.7. மாநில உற்பத்தியில் பாதிக்கும் மேல் சேவைத் துறையிலிருந்து வருவதால் மொத்த எண்ணை அதுதான் இழுத்துக்கொண்டு போகிறது. ஜவ்வாதுமலை ஜமுனாமரத்தூரில் சாமையும் புளியும் பலாவும் தேனும் விற்று வாழ்கிறவருக்கு 9.69ஐ விட 0.15தான் சொந்தக்காரன். எண்ணில் பொய் இல்லை. சராசரி என்றால் அப்படித்தான்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும்: எந்த ஆண்டோடு ஒப்பிட்டது? பத்து மூட்டை விளைந்த கொல்லையில் மழை பொய்த்து ஆறு, மறுவருஷம் ஒன்பது என்றால் வளர்ச்சி 50 சதவீதம். ஆனாலும் ஒரு மூட்டை குறைவுதான். கொரோனாவில் நாட்டின் மொத்த உற்பத்திக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான். 2020-21இல் 5.8 சதவீதம் சரிவு, அடுத்த ஆண்டு 9.7 சதவீத வளர்ச்சி. 100 ரூபாய் 94.2 ஆகி, பிறகு 103.3 ஆனது. இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து மூன்று ரூபாய்ச் சொச்சம். 9.7ஐ மட்டும் காட்டி மேளம் அடிக்கலாம்.

2025 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் அந்த 9.69, 11.19 என்று திருத்தப்பட்டது. இதைப் பார்த்து "கணக்கே கட்டுக்கதை" என்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். முதல் மதிப்பீடு போடும்போது பல கம்பெனிகள் கணக்கையே முடித்திருக்காது. விவரம் வரவர எண் மாறும், நிலைக்க இரண்டு மூன்று வருஷம் பிடிக்கும். 2024-25 எவ்வளவு வளர்ந்தது என்று யாராவது கேட்டால், எந்தத் தேதியில் வந்த எண் வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்பேன்.