சிலையை மீட்ட போட்டோ... அருங்காட்சியகப் பணியை எங்கே கற்கலாம்?

2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு நடராஜர் நாடு திரும்பினார். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடப்பட்ட சோழர் காலச் சிலை அது. கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து அதை வாங்கியிருந்தது. சிலை எந்தக் கோயிலுடையது என்று நிரூபிக்கக் கைகொடுத்தது, திருட்டுக்கு முன்பே எடுக்கப்பட்டு புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் சேகரிப்பில் இருந்த புகைப்படம்.

அருங்காட்சியகத் துறைக்கு இந்தப் பதிவுதான் அஸ்திவாரம். கண்ணாடிப் பெட்டிக்குள் நாம் பார்ப்பது கொஞ்சம்தான். ஒரு பொருள் எங்கே கிடைத்தது, யார் கொடுத்தார், அளவு என்ன, எங்கே கீறல் இருக்கிறது என்று எழுதி, படம் எடுத்து, எண் கொடுத்து, கெடாமல் பாதுகாப்பது திரைமறைவு வேலை. அதைக் கற்க விரும்புபவர்களுக்கு வழிகள் இருக்கின்றன.

பட்டம் படிக்க...

இந்தப் படிப்புக்கு 'மியூசியாலஜி' என்று பெயர். குஜராத்தின் வதோதராவில் உள்ள மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் 1952 முதல் இதற்குத் தனித்துறை இயங்குகிறது. கொல்கத்தா பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம். வரலாறு, தொல்லியல் படித்தவர்களுக்கு மட்டுமான துறை அல்ல இது. வெண்கலம் அரிக்காமலும், ஓலைச்சுவடியைப் பூச்சி தின்னாமலும் காக்க வேதியியல், உயிரியல் தெரிந்தவர்களும் தேவை. 1851-ல் தொடங்கிய சென்னை எழும்பூர் அருங்காட்சியகம், வெண்கலச் சிலைகளைக் காப்பாற்றுவதற்காகவே 1930-களிலேயே வேதியியல் ஆய்வுக்கூடம் வைத்திருந்தது.

இலவசமாகப் படிக்க...

பாரிஸில் தலைமையகம் கொண்ட 'ஐகாம்' எனும் சர்வதேச அருங்காட்சியகங்கள் கவுன்சில், 1946-ல் உருவானது. அதன் நெறிமுறைக் கையேட்டை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஒரு பொருளை வாங்கும் முன், அது யார் யார் கை மாறி வந்தது என்று விசாரிக்கச் சொல்கிறது அது.

கனடா பாதுகாப்பு நிறுவனம், பொருள்களை அழிக்கும் 10 காரணங்களைப் பட்டியலிட்டு விளக்குகிறது. தீ, தண்ணீர், திருட்டு, வெளிச்சம், பூச்சி என நீளும் அந்தப் பட்டியலில் இன்னொன்றும் உண்டு: பொருளைப் பற்றிய தகவல் தொலைந்துபோவது! ரோமில் உள்ள 'இக்ரோம்' அமைப்போ, குவிந்து கிடக்கும் கிடங்கை ஒழுங்குபடுத்தும் முறையைப் படிப்படியாகச் சொல்லித் தருகிறது.

உங்கள் ஊரிலேயே தொடங்க...

பள்ளியிலோ வீட்டிலோ பழம்பொருள்கள் இருந்தால் ஒரு நோட்டும் செல்போனும் போதும்.

* ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுங்கள். எண்ணைப் பொருளின் மேல் எழுதாமல், சீட்டில் எழுதி நூலால் கட்டுங்கள்.
* பக்கத்தில் ஸ்கேல் வைத்து, நான்கு புறமும் படம் எடுங்கள்.
* யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று எழுதுங்கள்.
* பழைய வெண்கலத்தைப் பளபளப்பாக்குவதற்காகப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். காலம் தந்த மேற்படலம் போய்விடும்.
* படங்களின் நகலை இன்னோர் இடத்திலும் சேமித்து வையுங்கள்.