துப்பாக்கிக் குழலின் முறுக்கும் குண்டின் எடையும்

தென்காசிக்கு வடக்கே நெற்கட்டுஞ்செவலில் பூலித்தேவரை எதிர்த்து 1755-ஆம் ஆண்டில் வந்த கும்பினிப் படையினரின் துப்பாக்கிக் குழல் உட்புறம் வழுவழுப்பானது. குண்டு ஈய உருண்டை. உருண்டைக்குத் தலையேது, வாலேது? புரளினும் கேடில்லை, ஆயினும் குறி தப்பும்.

பிற்காலத்து நீண்ட குண்டோ அத்தகையதன்று. போதிய சுழற்சியில்லையேல் காற்று அதனைப் புரட்டிவிடும். இலக்குத் தாளில் வட்டத் துளைக்கு மாறாக நீண்ட துளை காணும். ஆகவே குழலினுள் திருகுபோல் பள்ளங்களை வெட்டினர். சுழலும் பம்பரம் நிமிர்ந்து நிற்றல்போல, சுழலும் குண்டும் முனை முன்னாகவே செல்லும். பள்ளம் ஒருமுறை முழுதும் சுற்றிவரும் நீளமே முறுக்களவு. அது குறையக் குறையச் சுழற்சி மிகும்.

கனத்த குண்டிற்கு மிகுந்த சுழற்சி வேண்டும் என்பர். அது பாதி உண்மையே. ஒரே பருமனில் எடை மிகுந்தால் நீளமும் மிகும். சுழற்சியை வேண்டுவது அந்நீளமே. வங்காளத்து இச்சாப்பூரிலும் செய்யப்பெற்ற .303 லீ-என்பீல்டு இதற்குச் சான்று. அதன் முறுக்களவு 10 அங்குலம். 215 கிரெயினாயிருந்த குண்டு 1910-இல் 174 ஆயிற்று. முறுக்கை மாற்றினரோ? இல்லை. முனைக்குள் ஈயத்துக்குப் பதில் இலேசான அலுமினியம் வைத்தமையால் எடை குறைந்ததேயன்றி நீளம் குறையவில்லை.

கணக்கில் விருப்பமுள்ள மாணவர் கிரீன்ஹில் என்பாரின் 1879-ஆம் ஆண்டு விதியைக் கொண்டு சோதிக்கலாம்: விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கி நீளத்தால் வகுக்க. விட்டம் 0.311, நீளம் 1.28 அங்குலமாயின் ஏறத்தாழ 11 அங்குலம் வரும். 10 அங்குலம் அதற்குள் அடங்கும்.